மின்சாரத் துப்பாக்கியும் ஏழையின் இதயமும்

போலீஸ் கையில் லத்தி இருக்கிறது. கண்ணீர்ப்புகைக் குண்டு இருக்கிறது. துப்பாக்கியும் இருக்கிறது. இவை போதாவென்று, மேல்நாட்டுப் போலீசார் இடுப்பில் செருகியிருக்கும் மின்சாரத் துப்பாக்கியை நம் நாட்டுக் காவல் படைகளுக்கும் வாங்கித் தர வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. "டேசர்" என்பது அதன் வணிகப் பெயர். ரத்தம் சிந்தாது, எலும்பு முறியாது, ஐந்தே விநாடியில் ஆள் அடங்கிவிடுவான், பிறகு எழுந்து நடப்பான் என்று அதற்குச் சான்றிதழ் வாசிக்கிறார்கள். லத்தியைவிடவும் துப்பாக்கியைவிடவும் இது மனிதாபிமானமானது என்கிறார்கள்.

பொம்மனஹள்ளியில் தையல் ஆலையிலும் கட்டடத்திலும் குப்பை வண்டியிலும் உழைத்துப் பிழைக்கிற நமக்கும் இந்தப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. கருவி புதியது என்றாலும் உடம்பில் மின்சாரம் பாய்ச்சுகிற வேலை நம் மக்களுக்குப் புதியதல்ல. எந்த நாட்டிலும் புதிய ஆயுதம் முதலில் யார் மீது பழக்கப்படுத்தப்படுகிறது என்பதும் நாம் அறியாததல்ல. ஆகவே இந்த ஆயுதம் நம் தெருவுக்கு வருவதற்கு முன்பே அதைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும், கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கருவி வேலை செய்யும் விதம்

1970களில் அமெரிக்காவில் ஜாக் கவர் என்ற விஞ்ஞானி இதை உருவாக்கினார். ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடும் ஒரு சிறுவர் கதையில் வரும் மின்சாரத் துப்பாக்கியின் பெயரைச் சுருக்கித் தன் கருவிக்கு வைத்தார். வேட்டைக் கதையில் பிறந்த பெயர் இன்று மனிதர் மீது பாயும் கருவிக்கு நிலைத்துவிட்டது.

குதிரையை அழுத்தியதும் இரண்டு சிறிய முள் அம்புகள் மெல்லிய கம்பிகளை இழுத்துக்கொண்டு பறந்துபோய் உடம்பிலோ சட்டையிலோ குத்திக்கொள்கின்றன. இரண்டு அம்புகளுக்கும் இடைப்பட்ட உடம்பு வழியே மின்சாரம் துண்டு துண்டாகப் பாய்கிறது. பல நாடுகளில் பரவலாகப் பயன்பட்ட எக்ஸ் 26 என்ற வகையில் ஒரு விநாடிக்கு 19 துடிப்புகள் வீதம் 5 விநாடி பாயும். போலீஸ்காரர் விரலை எடுக்காவிட்டால் அதற்கு மேலும் பாயும். அம்பு இல்லாமல் கருவியின் முனையை நேராக உடம்பில் வைத்து அழுத்தவும் முடியும். அப்போது தசை முழுவதும் இறுகி ஆள் செயலிழப்பதில்லை, வலி மட்டுமே உண்டாகும். இந்த இரண்டாவது முறையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

50,000 வோல்ட் என்று கேட்டதும் நாம் நடுங்குகிறோம். நியாயமாகப் பேச வேண்டுமானால் அந்த எண் மட்டும் ஆளைக் கொல்வதில்லை. காற்றையும் துணியையும் தாண்டுவதற்கே அந்த அழுத்தம். உடம்புக்குள் போகும்போது அது ஏறத்தாழ 1,200 வோல்ட்டாகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கிறது. கைகால் நரம்புகள் இவ்வளவு குறுகிய துடிப்புக்கும் உடனே பதில் சொல்லும். இதயத் தசையோ சற்று நீண்ட துடிப்புக்கே எளிதில் பதில் சொல்லும். இந்த வித்தியாசத்தை நம்பியே கருவி செய்யப்பட்டிருக்கிறது. வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ட் மின்சாரம் பிடித்தால் ஆள் சாவதும் இந்தக் கருவி பட்ட பெரும்பாலோர் எழுந்து நடப்பதும் இதனால்தான். இதை மறைத்துப் பேசினால் நம் வாதம் நிற்காது.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? அம்பு எங்கே குத்துகிறது என்பதில் இருக்கிறது, எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதில் இருக்கிறது, யார் மீது பாய்கிறது என்பதிலும் இருக்கிறது.

இதயம் என்ன ஆகிறது?

நம் இதயம் தனக்குள்ளேயே சிறு மின்சாரத்தை உண்டாக்கி, அந்தத் தாளத்தில் நிமிடத்துக்கு எழுபது எண்பது முறை சுருங்கி விரிகிறது. மார்பின் முன்புறம், இதயத்துக்கு அருகில் அம்பு குத்தினால் வெளியிலிருந்து வரும் துடிப்பு இதயத்தின் சொந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அதை விரட்ட முடியும். விரட்டப்பட்ட இதயம் வெகுவேகமாக அடித்து, ஒரு கட்டத்தில் கீழறைகள் சுருங்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். நடுங்குகிற இதயம் ரத்தத்தைத் தள்ளாது. சில விநாடிகளில் நினைவு போகும், சில நிமிடங்களில் உயிர் போகும்.

இது கற்பனையல்ல. 2006இல் டொராண்டோ நகர இதய மருத்துவர்கள் பன்றிகள் மீது சோதனை செய்தார்கள். மார்புக்குக் குறுக்கே பாய்ச்சப்பட்ட மின்சாரம் பல முறை இதயத்தைப் பிடித்துக்கொண்டதைக் கண்டார்கள். பயத்திலும் பதற்றத்திலும் உடம்பில் சுரக்கும் அட்ரினலினைச் செலுத்திய பிறகு செய்த சோதனையில் இதயக் கீழறை நடுக்கமே உண்டானதைப் பதிவு செய்தார்கள். 2012இல் அமெரிக்க இதய மருத்துவர் டக்ளஸ் சைப்ஸ், மார்பில் எக்ஸ் 26 அம்பு பட்டவுடன் நினைவிழந்த எட்டு பேரின் வரலாற்றை மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். எட்டு பேரில் ஏழு பேர் இறந்தார்கள். அவர் பாதிக்கப்பட்டோர் தரப்பில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர் என்று நிறுவனத்தார் குறை சொன்னார்கள். சொல்லட்டும். கருவி பாதுகாப்பானது என்று சொன்ன ஆராய்ச்சிகளில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது அந்த நிறுவனமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

நிறுவனத்தின் நடவடிக்கையே வேறொரு சாட்சி. ஆபத்து மிகமிகக் குறைவு என்று சொல்லிக்கொண்டே, 2009 அக்டோபரில் அது போலீசாருக்குப் புதிய பயிற்சிக் குறிப்பை அனுப்பியது. முடிந்தவரை மார்பைக் குறிவைக்க வேண்டாம், அதற்குக் கீழே குறிவையுங்கள் என்றது அக்குறிப்பு. ஆபத்தே இல்லையென்றால் குறியை ஏன் இறக்க வேண்டும்?

2011இல் அமெரிக்க அரசின் தேசிய நீதி நிறுவனம் ஓர் அறிக்கை கொடுத்தது. ஆரோக்கியமான, போதையில் இல்லாத, பதற்றத்துக்கு உள்ளாகாத மனிதருக்கு இக்கருவியால் பெரும் ஆபத்து உண்டு என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை என்றது. மின்சாரம் பாயும் மொத்த நேரம் 15 விநாடியைத் தாண்டினால் எச்சரிக்கை தேவை என்றும் சொன்னது. முதல் வாக்கியத்தை விற்பனையாளர்கள் எல்லா இடத்திலும் காட்டுகிறார்கள். நாம் அதே வாக்கியத்தைத் திருப்பிப் படிக்கிறோம். ஆரோக்கியமாகவும் போதையின்றியும் பதற்றமின்றியும் இருக்கிற மனிதனை எந்தப் போலீஸ்காரர் மின்சாரம் பாய்ச்சி அடக்கப் போகிறார்? ஓடுகிறவன், பயந்தவன், குடித்தவன், மனநோயாளி, வலிப்பு வந்தவன், இவர்கள் மீதுதானே அது பாயும்! அறிக்கை நற்சான்று கொடுத்த மனிதன் வேறு, அம்பு குத்துகிற மனிதன் வேறு.

2017இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அமெரிக்காவில் டேசர் பாய்ச்சப்பட்ட பின் நேர்ந்த 1,005 மரணங்களைத் தொகுத்து வெளியிட்டது. அவற்றுள் 153இல் டேசரே காரணம், அல்லது காரணங்களில் ஒன்று என்று பிரேதப் பரிசோதனை செய்தவர்களே எழுதியிருந்தார்கள். கருவி எத்தனையோ லட்சம் முறை பயன்படுத்தப்பட்டிருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் இது சிறிய எண் என்பார்கள். சிறிய எண்தான். ஆனால் உயிராபத்து இல்லாதது என்று சொல்லி விற்ற பொருளுக்கு அது சிறிய எண் அல்ல.

மொழி தெரியாத ஒரு பயணி

புலம்பெயர்ந்து வாழ்கிற நாம் மறக்கக் கூடாத ஒரு மரணம் உண்டு. 2007 அக்டோபரில் போலந்து நாட்டுத் தொழிலாளி ராபர்ட் ஜெகான்ஸ்கி கனடாவில் இருந்த தன் தாயோடு வாழ வான்கூவர் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். வயது 40. ஆங்கிலம் தெரியாது. தாய் வெளியே காத்திருக்கிறாள், மகன் உள்ளே வழி தெரியாமல் தவிக்கிறான். இப்படி ஏறத்தாழ பத்து மணி நேரம் போயிற்று. களைப்பிலும் கலக்கத்திலும் அவர் நாற்காலிகளை இழுத்துப் போட்டார், சாமான்களை உடைத்தார். நான்கு போலீசார் வந்தார்கள். வந்து அரை நிமிடத்துக்குள் டேசர் பாய்ந்தது. மொத்தம் ஐந்து முறை பாய்ந்தது. அவர் அங்கேயே இறந்தார்.

அவர் தாக்க வந்தார் என்பதுபோல் போலீஸ் கதை சொன்னது. அங்கிருந்த ஒரு பயணி எடுத்த வீடியோ வெளிவந்திராவிட்டால் அந்தக் கதையே வரலாறாகியிருக்கும். நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட் தலைமையில் விசாரணை நடந்தது. இக்கருவியால் உயிர் போகக்கூடும் என்று அவர் 2009இல் அறிக்கை தந்தார். ஜெகான்ஸ்கி மீது அதைப் பயன்படுத்தியது நியாயமற்றது என்று 2010இல் தீர்ப்புரைத்தார். விசாரணையில் பொய் சொன்னதற்காக நான்கு போலீசாரில் இருவர் 2015இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

"நில்", "படு", "கையைத் தூக்கு" என்ற கட்டளைக்குக் கீழ்ப்படியாதவன் மீது பாய்ச்சுவதற்கே இந்த ஆயுதம். கட்டளை புரியாதவனும் கீழ்ப்படியாதவனும் போலீஸ்காரர் கண்ணுக்கு ஒன்றுதான். இரவு ஷிப்டு முடிந்து ஓசூர் சாலையில் நடந்து வருகிற திருவண்ணாமலைக்காரனும், ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து ஹொங்கசந்திராவிலும் மங்கம்மனபாளையத்திலும் ஒற்றை அறையில் தங்கியிருக்கும் தொழிலாளியும் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று நாம் நம் தோழர்களிடம் எப்போதும் சொல்லி வருகிறோம். இந்த மண்ணில் பிழைக்கிறவர்களுக்கு அது கடமை. ஆனால் மொழி கற்றுக்கொள்ளத் தாமதித்ததற்குத் தண்டனை மார்பில் மின்சாரமாக இருக்கக் கூடாது.

இங்கிலாந்தில் 2016இல் முன்னாள் கால்பந்து வீரர் டாலியன் அட்கின்சன் மீது 33 விநாடி தொடர்ந்து மின்சாரம் பாய்ச்சப்பட்டது. 5 விநாடிக்கென்று அமைக்கப்பட்ட கருவி அது. கீழே விழுந்தவர் தலையில் உதையும் விழுந்தது. அவர் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர். 2021இல் அந்தப் போலீஸ்காரருக்கு எட்டாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கருவியில் பதிவாகியிருந்த நேரக் கணக்கு இல்லாவிட்டால் 33 விநாடி என்பது யாருக்குத் தெரிந்திருக்கும்?

மாதேஸ்வரன் மலையின் "வொர்க்‌ஷாப்"

வெளிநாட்டுக் கதைகள் இருக்கட்டும், நம் கதைக்கு வருவோம். பென்னாகரம், மேட்டூர், கொளத்தூர், அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீரப்பனைப் பிடிக்கக் கர்நாடக, தமிழ்நாடு அரசுகள் சிறப்பு அதிரடிப் படைகளை அமைத்தன. 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் கொல்லப்பட்ட பிறகு காட்டோர ஊர்களில் வேட்டை தீவிரமாயிற்று. வீரப்பன் கிடைக்கவில்லை, கிடைத்தவர்கள் ஆடு மேய்த்தவர்களும் விறகு பொறுக்கியவர்களும் சோளகர் பெண்களும்தான். மாதேஸ்வரன் மலையில் "வொர்க்‌ஷாப்" என்று அழைக்கப்பட்ட இடத்தில் கம்பிகளை உடம்பில் பொருத்தி மின்சாரம் பாய்ச்சினார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். உடம்பின் எந்தெந்த இடத்தில் பொருத்தினார்கள் என்பதையும் சொன்னார்கள். நாம் அதை இங்கே அச்சிட விரும்பவில்லை. மனித உரிமை இயக்கத்தவரான ச. பாலமுருகன் எழுதிய "சோளகர் தொட்டி" நாவலைப் படித்தவர்கள் அந்தக் காலத்தின் துயரத்தை அறிவார்கள்.

தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. குழு 2003 இறுதியில் அறிக்கை தந்தது. 2007 ஜனவரியில் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. இதற்கிடையே, தடா சட்டத்தில் மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களில் நூறு பேருக்கு மேல் குற்றமற்றவர்கள் என்று 2001இல் நீதிமன்றம் விடுவித்தது. 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்டதும் தமிழ்நாட்டு அதிரடிப் படையினருக்குப் பதவி உயர்வும் வீட்டுமனையும் பணமும் உடனே கிடைத்தன. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பரிந்துரை என்ற காகிதம் வரவே அதற்குப் பிறகு இரண்டாண்டுக்கு மேல் ஆயிற்று.

மின்சாரத்தைச் சித்திரவதைக்காரன் ஏன் விரும்புகிறான்? லத்தி பட்டால் கன்றிப்போகும், எலும்பு உடைந்தால் படத்தில் தெரியும். மின்சாரம் பெரும்பாலும் எதையும் விட்டுவைக்காது. 1950களில் அல்ஜீரிய விடுதலைப் போராளிகள் மீது பிரெஞ்சுப் படையினர் ராணுவத் தொலைபேசியின் கைச்சுற்று டைனமோவைப் பயன்படுத்தியது இதற்காகத்தான். நீதிமன்றமும் பத்திரிகையும் கண்காணிக்கிற நாடுகளில்தான் தழும்பில்லாத சித்திரவதை வளர்கிறது என்று டாரியஸ் ரெஜாலி என்ற அறிஞர் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இங்கேதான் நம் பயத்தின் வேர் இருக்கிறது. கீழறை நடுங்கி நின்றுபோன இதயத்தை அறுத்துப் பார்த்தால் அந்த நடுக்கம் தெரியாது. இதயம் துடிக்கும்போது மட்டுமே அது மின்வரைபடத்தில் தெரியும். செத்தபின் மிஞ்சுவது ஒருவேளை அம்பு குத்திய இரண்டு சிறு புள்ளிகள் மட்டுமே. நம் நாட்டுக் காவல் நிலையங்களில் மனிதர்கள் எதனால் சாகிறார்கள் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்கள் நாம் அறிந்தவையே: "மாரடைப்பு", "மூச்சுத் திணறல்", "வலிப்பு". 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோதும், 2025இல் திருப்புவனத்தில் கோயில் காவலாளி இறந்தபோதும் உடம்பெல்லாம் இருந்த காயங்களே உண்மையைப் பேசின. காயங்கள் இல்லாமல் இருந்திருந்தால்? லத்தியால் செத்தவனுக்கே மாரடைப்பு என்று எழுதத் துணிகிற இடத்தில், உண்மையிலேயே இதயத்தை நிறுத்தக்கூடிய, தடயம் விடாத ஒரு கருவியைக் கொடுத்தால் என்ன நடக்கும்? அதிகாரிகள் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. "இதயம் நின்றுவிட்டது" என்பது அப்போது உண்மையாகவே இருக்கும்.

"துப்பாக்கியைவிட மேல்தானே?"

இந்தக் கேள்வியை நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை. கத்தியோடு பாய்ந்து வருகிற ஒருவனைச் சுடுவதற்குப் பதிலாக மின்சாரம் பாய்ச்சி அடக்க முடியுமானால், இரண்டு உயிர்களும் பிழைக்குமானால், அதை நாம் எதிர்க்க மாட்டோம். 2018இல் தூத்துக்குடியில் சுட்டுக் கொல்லப்பட்ட 13 பேரை நினைக்கிற எவரும் தோட்டாவுக்கு மாற்று வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஆனால் தூத்துக்குடியில் திரண்ட கூட்டத்துக்கு முன்னால் இந்தக் கருவி எதற்கும் உதவியிருக்காது. இரண்டு அம்புகளால் ஓர் ஆளைத்தான் பிடிக்க முடியும். துப்பாக்கிக்கு மாற்று என்று சொல்லி வாங்கப்படுகிற கருவி, நடைமுறையில் லத்திக்கும் அதட்டலுக்கும் மாற்றாகவே பயன்படுகிறது என்பதே பிற நாடுகளின் அனுபவம். 2023இல் ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லத்தில் 95 வயது மூதாட்டி மீது, அவர் கையில் சமையலறைக் கத்தி இருந்தது என்பதற்காக, போலீஸ்காரர் டேசர் பாய்ச்சினார். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் அவர். விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவரை எந்த நாட்டிலாவது துப்பாக்கியால் சுட்டிருப்பார்களா?

2016 ஏப்ரலை பொம்மனஹள்ளி மறக்கவில்லை. வருங்கால வைப்புநிதிப் பணத்தில் கைவைத்த மத்திய அரசின் விதியை எதிர்த்து ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் தையல் ஆலைகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து ஓசூர் சாலையில் உட்கார்ந்தார்கள். தமிழச்சியும் கன்னடத்தியும் தோளோடு தோள் நின்றார்கள். லத்தி விழுந்தது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. இரண்டாம் நாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை, எத்தனை பேர் கர்ப்பிணிகள், எத்தனை பேருக்குச் சிறுவயது மூட்டுக் காய்ச்சலில் இதய வால்வு பழுதானது என்று எந்தப் போலீஸ் அதிகாரிக்குத் தெரியும்? அவர்களுக்கே தெரியாது. ஜெயதேவா மருத்துவமனையின் வரிசையில் போய் நின்று பாருங்கள். முப்பதிலும் நாற்பதிலும் இதயம் பழுதாகி நிற்கிற உழைப்பாளிகளைக் காண்பீர்கள். தமக்கு நோய் உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டவர்கள் அவர்களில் பலர். மெலிந்த உடம்பில் மார்புத் தோலுக்கும் இதயத்துக்கும் இடையே உள்ள தூரமும் குறைவு. அந்தத் தூரம் குறையக் குறைய ஆபத்து கூடுகிறது என்பதே மருத்துவர்கள் சொல்வது. கொழுத்த உடம்புக்குக் கணக்குப் போட்டுச் செய்த கருவி, எலும்பும் தோலுமான உடம்பில் அதே கணக்கில் நிற்குமா?

நம் கோரிக்கைகள்

காவல்துறை மாநில அரசின் கையில் உள்ளது. ஆகவே கர்நாடக அரசிடமும், தமிழ்நாட்டு அரசிடமும், மத்திய அரசிடமும் நாம் கேட்பவை இவை:

1. மின்சார ஆயுதம் எதையும் அதிகாரிகளின் உத்தரவினால் மட்டும் வாங்கக் கூடாது. சட்டமன்றத்தில் விவாதித்து, விதிகளைக் கன்னடத்திலும் தமிழிலும் மற்ற மொழிகளிலும் மக்கள் படிக்க வெளியிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

2. விற்பனையாளர் தரும் காகிதங்களை நம்பாமல், அரசு இதய மருத்துவமனைகளின் நிபுணர்களைக் கொண்டு நம் மக்களின் உடல்நிலைக்கு ஏற்றபடி சுதந்திரமான ஆய்வு நடத்த வேண்டும்.

3. காவல் நிலையத்துக்குள்ளும் சிறைக்குள்ளும் இந்தக் கருவியைக் கொண்டுவரவே கூடாது. விலங்கிடப்பட்டவர், சிறுவர், கர்ப்பிணி, முதியவர், உயரத்திலோ தண்ணீரிலோ நிற்பவர் ஆகியோர் மீது பயன்படுத்தக் கூடாது. மார்பைக் குறிவைப்பதும், 5 விநாடிக்கு மேல் தொடர்வதும், உடம்பில் முனையை வைத்து வலி உண்டாக்குவதும் குற்றமாக்கப்பட வேண்டும். 2007இல் ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான குழு, எக்ஸ் 26 உண்டாக்கும் கடும் வலி சித்திரவதையின் ஒரு வடிவமே என்று சொன்னதை அரசுக்கு நினைவூட்டுகிறோம்.

4. கருவி போகும் வண்டியில், நின்ற இதயத்தை மீண்டும் இயக்கும் மின்கருவியும் அதை இயக்கவும் மார்பை அழுத்தி உயிர் காக்கவும் பயிற்சி பெற்றவரும் இருக்க வேண்டும். நடுங்கும் இதயத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர். சில்க் போர்டு நெரிசலைக் கடந்து ஆம்புலன்ஸ் வரும்வரை அது காத்திருக்காது.

5. மரணம் நேர்ந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை வீடியோவில் பதிவாக வேண்டும். எத்தனை முறை, எத்தனை விநாடி பாய்ந்தது என்று கருவிக்குள் இருக்கும் பதிவு உடனே நடுவரின் கைக்குப் போக வேண்டும். குடும்பத்தாருக்கு அவற்றின் நகல் தரப்பட வேண்டும்.

6. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இட்ட ஆணை முழுமையாக நிறைவேற வேண்டும்.

7. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையமே பரிந்துரைத்த பிறகும் தனிச் சட்டம் வரவில்லை. சித்திரவதையைத் தடுக்கச் சட்டம் இல்லாத நாட்டில் சித்திரவதைக்கு வசதியான கருவியை வாங்க என்ன அவசரம்?

தோழர்களுக்கு

கோரிக்கை வைத்துவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. கைது செய்யப்பட்டவரின் உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்பது 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் விதித்தது. கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் தமிழில் கேட்கலாம். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். அப்போது இதய நோய், வலிப்பு, சர்க்கரை நோய், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லி எழுதச் செய்யுங்கள். வீட்டில் இதய நோயாளி இருந்தால் மருந்துச் சீட்டின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

யார் மீதாவது மின்சாரம் பாய்ச்சப்பட்டதாகத் தெரிந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இதயத்தின் மின்வரைபடம் எடுக்கச் செய்யுங்கள். இரட்டைப் புள்ளிபோல் தெரியும் சிறு தீக்காயங்களை உடனே படமெடுத்து வையுங்கள். நாட்கள் போனால் அவை மறைந்துவிடும். நடுவர் முன் வாய்திறந்து சொல்லுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பயந்து ஊருக்கு ஓடிவிடாதீர்கள். மாதேஸ்வரன் மலையில் நடந்தது வெளியே வந்தது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பயத்தை விட்டு விசாரணைக் குழுவின் முன் வந்து உட்கார்ந்து சொன்னதால்தான். அவர்களைவிட நாம் பலவீனர்கள் அல்ல.

நாம் போலீசாரின் பகைவர்கள் அல்லர். குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் நிற்கிற கான்ஸ்டபிளும் உழைக்கிறவன்தான். அவன் கையில் தருகிற ஆயுதம் யாருடைய இதயத்தை நிறுத்தக்கூடும் என்பது அவனுக்கும் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லாதபோது நாம் சொல்கிறோம். விதி இல்லாமல், சோதனை இல்லாமல், பொறுப்பு ஏற்க ஆள் இல்லாமல் எந்த மின்சார ஆயுதமும் இந்தத் தெருக்களுக்கு வரக் கூடாது. கன்னடத் தொழிலாளித் தோழர்களோடும், வடக்கிலிருந்து வந்த தோழர்களோடும் சேர்ந்து இந்தக் கோரிக்கையை ஒவ்வொரு சங்கத்திலும் வையுங்கள். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள்.